அக்கா வர்றதுக்குள்ள எலி போகணும்

மொதல்ல அந்த எலி கத்துனதச் சொல்லிடறேன், ஏன்னா எல்லாம் ஆரம்பிச்சதே அதுலதான். எலி அப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியவே தெரியாது. கீச்னு ஒரு தடவ சொல்லும், ஓடிரும், அவ்ளோதான்னு நெனச்சிருந்தேன். காலைல ஏழு மணிக்கு ஸ்டோர் ரூம் கதவத் தொறக்கறேன், குஸ்குஸ் ரவை ஜாடிக்குப் பக்கத்துல அம்மா வச்ச பசை அட்டைல ஒரு குட்டி சாம்பல் எலி. நாலு காலும் ஒட்டிக்கிச்சு, ஒரு பக்க இடுப்பும் ஒட்டிக்கிச்சு. எண்ணெய் போடாத கதவு கீல் மாதிரி கத்துது. மூச்சு வாங்க நிறுத்துது, மறுபடி கத்துது.

"அம்மா! இத என்ன பண்றது?"

"அப்படியே ரெண்டா மடிச்சுக் குப்பைல போடு" அடுப்படில இருந்தே குரல்.

"உசுரோடவா?"

"பின்ன? டாக்டர வரச் சொல்லட்டுமா?"

என்னால முடியல. சும்மா சொல்லல, கையே போகல. போன எடுத்துத் தேடினேன். சமையல் எண்ணெய் விட்டா பசை இளகும்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுல இருக்கறது ஆலிவ் எண்ணெய் ஒண்ணுதான். கைல ஒரு பழைய துணியச் சுத்திக்கிட்டு, ஸ்பூன்ல எடுத்து ஒவ்வொரு காலா விட்டு, பல் தேய்க்கற பிரஷ்ஷால மெதுவா நவுத்தி நவுத்தி எடுத்தேன். அரை மணி நேரம். அம்மா வந்து வாசப்படில நின்னு பாத்தாங்க.

"ஆலிவ் எண்ணெய் விக்கிற வெலைக்கு, எலிக்கு மசாஜா? உங்கப்பனுக்குக்கூட நான் இப்படித் தேச்சு விட்டதில்லடி."

கடைசியா இடுப்பு விடுபட்டப்போ கொஞ்சம் முடி அட்டையோடவே போயிடுச்சு. தோல் தெரியற மாதிரி ஒரு மொட்ட வட்டம். எலிய ஒரு டப்பால போட்டு, எதிர்சாரில கடைசியா இருக்கற காலி மனைல விட்டுட்டு வந்தேன். பெரிய சாதனை பண்ணிட்ட மாதிரி கை கழுவினேன்.

ஒரு எலிக்கா இவ்ளோன்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க அக்கா நெஜ்லாவுக்கு அப்போ ஒம்போதாவது மாசம். குழந்தை பொறந்ததும் பொண்ணு அம்மா வீட்டுக்கு வந்து நாப்பது நாள் இருக்கறது வழக்கம். ஆனா அக்காவோட மாமியார் ஷெத்லியா அத்தைக்கு அதுல இஷ்டமே இல்ல. மொதல் பேரக் குழந்தை. நாங்க இருக்கறது நாபெல் பழைய ஊருக்குள்ள, நடுவுல முத்தம் வச்ச பழைய வீடு, செவுரெல்லாம் பக்கத்து வீட்டோட ஒட்டு. அவங்க வீடு ஹம்மாமெத்ல, புதுசு, டைல்ஸ் போட்டது. ரெண்டு குடும்பமும் உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கும்போது அத்தை சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "அனுப்பறேன் சம்பந்தி. ஆனா அந்த வீட்டுல ஒரு பூச்சி என் கண்ணுல பட்டுச்சுன்னா, அன்னிக்கே நெஜ்லாவும் குழந்தையும் என் வீடு. நாப்பது நாளும்."

எங்கம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "எங்க வீட்டுக்குள்ள ஈ கூட அனுமதி கேட்டுத்தான் வரும் சம்பந்தி!"

அக்கா புருஷன் ஹம்தி மச்சான் ரெண்டு பேரையும் பாத்துத் தலையாட்டுனாரு. அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்.

சரி, அத்தை வீட்டுலதான் இருந்துட்டுப் போறது, என்ன இப்போங்கறீங்களா? போன வருஷம் அக்காவுக்கு மூணாம் மாசத்துல கரு கலைஞ்சுது. அப்போ பத்து நாள் அத்தை வீட்டுலதான் வச்சிருந்தாங்க. தினமும் சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு கூட்டம். வர்றவங்ககிட்டல்லாம் அத்தை, "மொபெட்ல சுத்தினா என்ன ஆகும், நான் சொன்னேன், கேக்கல"ன்னு அக்கா கட்டில் பக்கத்துலயே நின்னு சொல்லிருக்காங்க. அக்கா வாய மூடுனா. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தொறக்கவே இல்ல. எங்க வீட்டுலயே எப்பவும் வளவளன்னு பேசறவ அவதான், நான்கூட ரெண்டாவதுதான். ரெண்டு மாசம் 'ம்', 'ம்ஹூம்'. அவ்ளோதான். இந்தத் தடவ எங்கிட்ட போன்ல ஒண்ணே ஒண்ணு கேட்டா: "மைஸா, எப்படியாவது நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கடி. அங்க போனா திரும்பவும் எனக்குப் பேச்சு நின்னுரும். இந்தத் தடவ கைல குழந்தை வேற இருக்கும்."

இப்போ தெரியுதா, எலி எவ்ளோ பெருசுன்னு?

அன்னிக்குச் சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல லைட்டப் போட்டா, ஹரிஸ்ஸா மொளகா விழுது ஜாடி மேல உக்காந்து முகம் தொடச்சுக்கிட்டு இருக்கு. இடுப்புல மொட்ட வட்டம். அதேதான்! தெருவத் தாண்டி, செவுரு ஏறி, நேரா வீட்டுக்கு வந்துருச்சு.

"உன் நோயாளி திரும்பி வந்துட்டாரு. இந்தத் தடவ தலைக்கும் எண்ணெய் வேணுமாம்" அப்படின்னாங்க அம்மா. சிரிக்கல. மறுநாள் சந்தைல இருந்து ரோஸ் கலர்ல ஒரு பொட்டலம் வெஷம் வாங்கிட்டு வந்துட்டாங்க.

நான் அத பிடுங்கி வச்சுக்கிட்டேன். "செவுத்துக்குள்ள போய்ச் செத்துச்சுன்னா? மூணு வாரம் நாறும்மா. அத்தை மூக்கு தெரியும்ல? நம்ம வீட்டு வாசல்ல நின்னே உள்ள என்ன கொழம்புன்னு சொல்லிருவாங்க."

அது வேலை செஞ்சுது. எலி கத்துனது என் காதுலயே இருக்குன்னு சொல்லிருந்தா அம்மா மசிஞ்சிருக்க மாட்டாங்க. அத்தை மூக்குக்குப் பயந்துட்டாங்க. "குழந்தை வீட்டுக்கு வர்ற அன்னிக்கு வரைக்கும்தான் உனக்கு டைம்"ன்னாங்க.

இரும்புக் கடைக்குப் போய், கதவு விழுற மாதிரி ஒரு கம்பிக் கூண்டு கேட்டேன். கடைக்காரர் மேலயும் கீழயும் பாத்தாரு.

"உசுரோட புடிச்சு என்ன பண்ணப் போற பொண்ணே? பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?"

"ஆமா, உங்க பேரன் கிளாஸ்ல."

கூண்டுல சீஸ் வச்சேன். ரெண்டு நாள் தொடக்கூட இல்ல. மூணாவது நாள்தான் மண்டைல உறைச்சுது. வீடு முழுக்க ஸிரீர் வாசம்! குழந்தை பொறந்தா பாக்க வர்றவங்களுக்குக் கொடுக்கன்னு அம்மா எள்ளையும் பருப்பையும் வறுத்து அரைச்சு, வெண்ணெயும் தேனும் விட்டுக் கிண்டி வச்சிருந்தாங்க. அத விட்டுட்டு எந்த எலி காஞ்ச சீஸ் திங்கும்? ஒரு விரல் அளவு எடுத்துக் கூண்டு கொக்கில தடவுனேன். ஒரு மணி நேரம். டக்! மொட்ட வட்டம் உள்ள.

இந்தத் தடவ மொபெட்ல போட்டு பெனி கியார் வரைக்கும் போனேன். ஊருக்கு வெளிய ஆலிவ் தோப்பு, ஒரு பாழடஞ்ச பம்ப் ரூம். அங்க விட்டேன். ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுப் புல்லுக்குள்ள போயிருச்சு. திரும்பி வரல.

அப்புறம் வீடு முழுக்கத் தரைல படுத்துத் தேடினேன். பென்சில் நுழையற ஓட்ட இருந்தா போதும், எலி வந்துரும். ஏழு ஓட்ட கண்டுபுடிச்சேன். பாத்திரம் தேய்க்கற இரும்பு நாரத் திணிச்சு, மேல சிமெண்ட் பூசினேன். என் நகமெல்லாம் போச்சு. ஆனா ரெண்டு நாள் கழிச்சு அடுப்படி ஓரத்துல மறுபடியும் புழுக்கை. கருஞ்சீரகம் கொட்டுன மாதிரி.

அப்போதான் கதவுக்குப் பின்னாடி தொங்குன துணிப் பையப் பாத்தேன்.

காஞ்ச ரொட்டிப் பை. எங்க ஊருல யாரும் ரொட்டியக் குப்பைல போட மாட்டோம். கீழ ஒரு துண்டு கெடந்தாக்கூட எடுத்து முத்தம் கொடுத்து உசரத்துல வைப்போம். மீந்தத எல்லாம் பைல சேத்து வச்சா, பக்கத்துத் தெரு மப்ரூக் மாமா வந்து அவரு ஆடுகளுக்கு எடுத்துட்டுப் போவாரு. பையோட அடில சின்ன ஓட்ட. அதுக்கு நேரா கீழ தூள். இவ்ளோ நாள் நாங்களே விருந்து போட்டு வச்சிருக்கோம்!

"அம்மா, இது இன்னிக்கே போகணும்."

"எங்க போகும்? குப்பைக்கா? ரொட்டியவா? வாய்ல அடி."

"மாமாகிட்ட கொடுங்க. இல்ல மூடி போட்ட தகர டப்பால போடுங்க."

"சரி சரி, பாத்துக்கறேன். நீ பெரிய ஆபீசரு."

மறுநாள் பை இல்ல. மாமா எடுத்துட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். கேக்கவே இல்ல. அங்கதான் நான் கோட்ட விட்டேன்.

புதன்கிழம அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணிப் பையன் பொறந்தான். சனிக்கிழம பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, அத்தை வெளில போற வரைக்கும் காத்திருந்து கேட்டா, "வீடு ரெடியா?"

"ரெடி."

"நெசமா?"

"ஈ கூட அனுமதி கேட்டுத்தான் வரும்."

சிரிச்சா. தையல் வலிச்சுருக்கும், வயித்தப் புடிச்சுக்கிட்டா. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். ஏன்னா அன்னிக்குக் காலைலகூட முத்தத்துல ரெண்டு புழுக்கை பாத்திருந்தேன்.

சனிக்கிழம ஒம்போது மணிக்கு, மறுபடி வச்சிருந்த கூண்டப் பாக்கறேன், கதவு விழுந்திருக்கு! உள்ள ஒரு பழுப்பு எலி, கம்பியக் கடிச்சுக்கிட்டு இருக்கு. எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. துண்டப் போட்டு மூடி, மொபெட்ல வச்சு, நேரா பெனி கியார். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, போதும் போதும்.

பம்ப் ரூம் பக்கத்துல கூண்டத் தூக்கிக் கதவத் தொறக்கப் போனேன். எலி பயந்துபோய்க் கம்பில நிமிந்து நின்னுச்சு. அப்போதான் அதோட வயிறு தெரிஞ்சுது.

ரெண்டு வரிசையா, முடி ஒதுங்கி, சின்னச் சின்ன வட்டமா ஈரம். பால் குடுக்கற எலி.

அப்படியே குத்த வச்சு உக்காந்துட்டேன். இதுக்குக் குட்டி இருக்கு. குட்டி எங்க வீட்டுக்குள்ள இருக்கு. இத இங்க விட்டுட்டுப் போனா அதுங்க பசில கத்தும், அக்கா இருக்கற நேரத்துல, அத்தை இருக்கற நேரத்துல கத்தும், அப்புறம் ஒவ்வொண்ணா சாகும். திரும்பக் கொண்டு போனா எலிய வீட்டுக்குள்ள நானே கூட்டிட்டுப் போறேன், அதுவும் இன்னிக்கு. தொறக்கவா வேண்டாமான்னு கைய வச்சுக்கிட்டே ரெண்டு நிமிஷம் இருந்திருப்பேன். அப்புறம் துண்டப் போட்டு மூடிட்டேன்.

திரும்பி வரும்போது மணி பத்து. எங்க வாசல்ல பளபளன்னு ஒரு ஜோடி செருப்பு. ஷெத்லியா அத்தை! ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க.

கூண்டக் குளியலறைல வச்சுக் குழாயத் தொறந்துவிட்டேன், கம்பி கடிக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு. அடுப்படிக்கு ஓடுனேன். அம்மா காபித் தட்டு அடுக்கிட்டு இருந்தாங்க.

"அம்மா, குட்டி போட்ட எலிம்மா அது. குட்டிங்க உள்ளதான் எங்கயோ இருக்கு."

"மெதுவா பேசு! எங்க இருக்கும்?"

"சாப்பாடு கிட்ட இருக்கற எடத்துலதான் கூடு கட்டும். ஸ்டோர் ரூமெல்லாம் பாத்துட்டேன், அடுப்படி பாத்துட்டேன், வேற எங்க..."

அம்மா மொகம் வெளுத்துச்சு.

"அம்மா. அந்த ரொட்டிப் பை என்னாச்சு?"

"மப்ரூக் கைருவானுக்குப் போயிட்டான்டி, அவன் தங்கச்சி கல்யாணம். குப்பைல போட மனசு வரல. நீ பாத்தா கத்துவ..."

"எங்க வச்சீங்க?"

"நெஜ்லா ரூம்ல. கட்டிலுக்குப் பின்னாடி. மெத்தைக்கும் செவுத்துக்கும் நடுவுல."

அக்காவுக்குன்னு ஒதுக்கி, வெள்ள அடிச்சு, புது விரிப்புப் போட்டு வச்ச ரூம். அந்தக் கட்டில் மேல ஆட்டு ரோமம் அடைச்ச பெரிய மெத்தை, பஞ்சு மாதிரி, சூடா. எலிக்கு அதவிட என்ன வேணும்? சாப்பாடும் படுக்கையும் ஒரே எடத்துல!

நாங்க ரெண்டு பேரும் காபித் தட்டோட ரூமுக்குள்ள போனா, அத்தை அந்த மெத்தை மேலதான் உக்காந்திருக்காங்க. முதுகு நேரா, கைப்பை மடில, கண்ணு மூலைக்கு மூலை போகுது.

"ரூமு பரவால்ல" அப்படின்னாங்க. "வெயில் வருது. ஆனா என்னவோ ஒரு வாசன."

"ஸிரீர் கிண்டுனோம் சம்பந்தி" அம்மா குரல் கீச்சுன்னு போச்சு.

"ஸிரீர் வாசன எனக்குத் தெரியாதா? இது வேற."

எனக்குக் கேட்டுச்சு. ரொம்ப மெல்லிசா, மெத்தைக்குள்ள இருந்து, ஒரு நூல் இழுக்கற மாதிரி. அத்தை உக்காந்திருக்கற எடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அம்மாவுக்கும் கேட்டுருச்சு, ஏன்னா திடீர்னு சத்தமா இருமுனாங்க.

என் போன் அடிச்சுது. ஹம்தி மச்சான். "சீக்கிரம் விட்டுட்டாங்க, கெளம்பிட்டோம். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். அத்தைய எப்படியாவது முத்தத்துக்குக் கூட்டிட்டுப் போய், அம்மா பேசிக்கிட்டே இருந்தா, நான் அதுக்குள்ள... என்ன பண்ண முடியும்? தச்ச மெத்தை. பத்து நிமிஷத்துல பிரிக்க முடியாது. சும்மா விட்டா? அக்கா வந்து படுப்பா. வயித்துல தையலோட. பக்கத்துல மூணு நாள் குழந்தை. அடில எலிக் கூடு. யாருக்கும் தெரியாது. அத்தைக்குத் தெரியாது. நாப்பது நாளும் நம்ம வீடுதான். அம்மா என்னப் பாத்துக் கண்ணாலயே கெஞ்சுனாங்க, பேசாத, பேசாத, அப்புறம் பாத்துக்கலாம்னு.

நானும் பேசாமத்தான் இருக்க நெனச்சேன். சத்தியமா. ஆனா வாய் தொறந்துருச்சு.

"அத்தை, கொஞ்சம் எந்திரிங்க. நீங்க எலிக்குட்டி மேல உக்காந்திருக்கீங்க."

கத்துவாங்கன்னு பாத்தேன். கத்தல. மெதுவா எந்திரிச்சு, பாவாடையத் தட்டி விட்டுட்டு, மெத்தையப் பாத்தாங்க, எங்கம்மாவப் பாத்தாங்க. கைப்பைல இருந்து போன எடுத்தாங்க.

"ஹம்தி. வண்டிய நம்ம வீட்டுக்குத் திருப்பு. ஆமா, இப்பவே. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

அம்மா கட்டில் ஓரத்துல கைய வச்சு நின்னாங்க. நான் போன்ல என்ன பதில் வருதுன்னு காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். மச்சான் ஏதோ சொல்றாரு, 'அம்மா, அது வந்து'ன்னு இழுக்கறாரு, அப்புறம் கட் ஆயிடுச்சு. அத்தை திரும்பக் கூப்பிட்டாங்க. எடுக்கல. இன்னொரு தடவ. எடுக்கல.

அத்தை போனையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. மெத்தைக்குள்ள மட்டும் அந்த நூல் சத்தம்.

அப்புறம் தெருவுல ஹாரன்.

ஓடிப் போய்ப் பாத்தா, வண்டி எங்க வாசல்லதான் நிக்குது. மச்சான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நேரா பாத்து உக்காந்திருக்காரு, பின்னாடி திரும்பவே இல்ல. பின் சீட்டுல அக்கா, குழந்தையோட. கண்ணாடிய பாதி எறக்குனா.

"என்னடி?"

"எலி. மெத்தைக்குள்ள குட்டி. என் தப்புதான், நான் பாத்திருக்கணும்..."

"எவ்ளோ நேரம் ஆகும் எடுக்க?"

"ரெண்டு மணி நேரம்?"

"சரி. இங்கயே உக்காந்திருக்கேன்."

அதுக்குள்ள அத்தை வாசலுக்கு வந்துட்டாங்க. எதிர் வீட்டுல பூத்தண்ணி வடிக்கறதுக்கு ஆரஞ்சுப் பூவ விரிப்புல கொட்டிக் காம்பு கிள்ளிட்டு இருந்த மூணு பொம்பளைங்களும் கைய நிறுத்திட்டாங்க. அத்தை அவங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, கண்ணாடிகிட்ட குனிஞ்சு, பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசுனாங்க.

"நெஜ்லா, தெருவுல வேடிக்கை காட்டாத. எலி இருக்கற வீடு இது. நம்ம வீட்டுக்குப் போலாம்."

அக்கா குழந்தையத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. பேச மாட்டான்னு நெனச்சேன்.

"போன வருஷம் உங்க வீட்டுல பத்து நாள் இருந்தேன் அத்தை" அப்படின்னா. "எலி ஒண்ணுகூட இல்ல. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. நான் ஒரு வார்த்தகூடப் பேசல. ஞாபகம் இருக்கா?"

அத்தை நிமிரல. "ஞாபகம் இருக்கு. எம்மேல கோவமா இருக்கன்னு நெனச்சேன்."

"கோவந்தான்."

எதிர் வீட்டுப் பொம்பளைங்கள்ல ஒருத்தி இருமுனா. அத்தை நிமிந்து, வாட்ச்சப் பாத்தாங்க.

"ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வண்டி ஹம்மாமெத்துக்குப் போகும். ஹம்தி, நெழல்ல நிறுத்துடா, கொழந்த மேல வெயில் அடிக்குது!"

நானும் அம்மாவும் மெத்தைய மொட்ட மாடிக்குத் தூக்குனோம். தூக்குனோமா? இழுத்தோம், உருட்டுனோம், படில மாட்டி அம்மா என்னத் திட்டுனாங்க, நான் அவங்கள திட்டுனேன். "ரொட்டிக்கு முத்தம் கொடுக்கத் தெரியுது, எங்க வைக்கறதுன்னு தெரியலயா?" "நீ எண்ணெய் தேச்சு விட்டப்பவே இதுங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிருக்கும்டி, இந்த வீட்டுல கவனிப்பு ஜோருன்னு!" கத்தரிக்கோல் எடுத்துத் தையலப் பிரிச்சோம். கையளவு கையளவா ரோமத்த எடுத்துப் பிரிச்சுப் பாத்துத் தள்ளி வைக்கணும். சட்டுனு இழுத்தா குட்டி நசுங்கிரும்.

மூல ஓரத்துலதான் இருந்துச்சு. ரோமத்தயும் ரொட்டிப் பை நூலயும் மென்னு செஞ்ச ஒரு உருண்ட. உள்ள ரோஸ் கலர்ல, கண்ணு தொறக்காம, என் சுண்டு விரல்ல பாதி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கையால தொடாம, பெரிய கரண்டியால கூட்டோட அள்ளி, ஓட்ட போட்ட பிளாஸ்டிக் டப்பால வச்சேன். குளியலறைல இருந்து கூண்டக் கொண்டு வந்து, வாயோட வாய் வச்சுக் கதவத் தூக்குனேன். தாய் எலி ஓடல. டப்பாக்குள்ள போச்சு, ஒவ்வொண்ணா மோந்து பாத்துச்சு, அப்படியே மேல படுத்துருச்சு. டப்பாவ மூடுனேன். மூடி மூணு தடவ வழுக்குச்சு.

ஒண்ணேகால் மணி நேரம் போயிருச்சு. அம்மா கீழ போய், ரூம கழுவி, கட்டிலுக்குப் பின்னாடி இருந்த ஓட்டைய அடைக்க ஆரம்பிச்சாங்க. ரொட்டிப் பை எதிர் வீட்டுத் தகர டப்பாக்குள்ள போச்சு. நான் ரோமத்த மூட்ட கட்டிட்டு இருந்தேன்.

மறுபடியும் அந்த சத்தம்.

டப்பால இருந்து இல்ல. மெத்தைல இருந்து. இன்னொண்ணு உள்ள இருக்கு.

எங்கன்னே தெரியல. மெத்தை அவ்ளோ பெருசு, சத்தம் அவ்ளோ சின்னது, நான் கிட்ட போனா நின்னுருது. ஒரு பக்கம் பிரிச்சேன், இல்ல. நடுவுல பிரிச்சேன், இல்ல. மூக்கு வாயெல்லாம் ரோமம். இருபது நிமிஷம் இருக்கு. பத்து நிமிஷம் இருக்கு.

படில செருப்பு சத்தம். ஷெத்லியா அத்தை மேல வந்து நின்னாங்க. டப்பாவப் பாத்தாங்க, கலைஞ்ச மெத்தையப் பாத்தாங்க.

"முடிஞ்சுதா?"

பொய் சொல்லத் தெம்பு இல்ல. "இன்னும் ஒண்ணு இருக்கு."

"விட்டுரு. ஒண்ணுதான?"

"செத்துரும் அத்தை."

"அது செத்தா உனக்கென்ன?"

"உள்ளயே செத்துச்சுன்னா நாறும். இந்த மெத்தைலதான் அக்கா படுப்பா."

இத ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல, பாதி உண்மதான் அது. அத்தை கைப்பையக் கைப்பிடிச் செவுத்துல வச்சுட்டு, நல்ல துணியோடவே தரைல உக்காந்தாங்க. "நீ பிரிக்கற லட்சணத்துல பேரன் பள்ளிக்கூடம் போயிருவான். தள்ளு." ரோமத்த விரல் நுனியால இழுத்தாங்க பாருங்க, மேகம் பிரியற மாதிரி பிரியுது. "மூச்சு விடாத" அப்படின்னாங்க. நான் விடல. தலையச் சாய்ச்சுக் கேட்டாங்க. எடத்த மாத்துனாங்க. மறுபடி கேட்டாங்க. கடைசில அடித்துணியோட ஒட்டி, ரோமம் கழுத்துல சுத்தி, நீலம் பாரிச்சுப் போய் ஒண்ணு. அத்தை கை பின்னாடி வந்துருச்சு. நான்தான் நகக்கத்திரியால ரோமத்த நறுக்குனேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் கால் ஒதறுச்சு.

டப்பால விட்டேன். தாய் அத வாயால இழுத்து அடில வச்சுக்கிச்சு.

அத்தை வாட்ச்சப் பாத்தாங்க. நானும் பாத்தேன். ரெண்டு மணி நேரம், ஆறு நிமிஷம்.

எந்திரிச்சு, கைப்பைய எடுத்துக்கிட்டுக் கீழ போனாங்க. நான் டப்பாவத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே. இந்த ஆறு நிமிஷத்துக்காகவா எல்லாம் போச்சு?

வாசல்ல வண்டி நிக்குது. மச்சான் கதவுல சாஞ்சு நிக்கறாரு. பின் சீட்டு காலி.

"எங்கடா அவ?"

மச்சான் வீட்டுக்குள்ள கையக் காட்டுனாரு. "இப்பதான். நான் சொன்னேன் அம்மா, இன்னும் கூப்பிடலன்னு. கேக்கல."

அக்கா எங்கம்மா ரூம்ல, எங்கம்மா கட்டில்ல, செவுத்துல முதுகு சாச்சு உக்காந்திருந்தா. பையன் பால் குடிச்சுக்கிட்டு இருந்தான். அம்மா ஓரமா, கையெல்லாம் சிமெண்டோட நின்னாங்க.

"நான் சொன்னது ரெண்டு மணி நேரம்" அத்தை வாசப்படில நின்னு சொன்னாங்க.

"ஆமா, கேட்டேன்" அப்படின்னா அக்கா. "மெத்தை ரெடியாகற வரைக்கும் இங்க படுத்துக்கறேன். நீங்க தினமும் வாங்க அத்தை, இவனப் பாக்க. அஞ்சு மணிக்கு வாங்க. ஆறு மணிக்குக் கெளம்பிருங்க. கூட யாரையும் கூட்டிட்டு வராதீங்க. இப்போ அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க, காத்து அடிக்குது."

அத்தை தலைல இன்னும் ரெண்டு இழ ரோமம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கதவோட கைப்பிடியப் புடிச்சாங்க. உள்ள ஒரு எட்டு வைப்பாங்கன்னு நெனச்சேன். பேரன ஒரு தடவ நல்லா பாத்தாங்க.

சாத்துனாங்க. வெளிய நின்னு.

நான் டப்பாவ மொபெட்ல கட்டுனேன். பெனி கியாருக்கு மறுபடியும். ஜன்னல் வழியா அக்கா குரல் தெரு வரைக்கும் கேக்குது: "அம்மா, இந்தத் தலகாணி கல்லு மாதிரி இருக்கு, வேற கொடுங்க. அப்புறம் காபி. ஆஸ்பத்திரில தண்ணிய காய்ச்சிக் காபின்னு கொடுத்தானுங்கம்மா, நர்சு ஒருத்தி இருந்தா பாருங்க, அவ கதைய கேட்டா..."